அட்வான்ஸை நீங்களே வெச்சுக்கங்க

எனக்குக் கிட்னி போய்விட்டது என்று ஊருக்குத் தெரிந்த மாதத்தில், வைகாசி முகூர்த்தங்களுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். கையில் சாத்துக்குடிப் பையோ சத்துமாவு டப்பாவோ இருக்கும். டயாலிசிஸ்காரனுக்கு இரண்டுமே ஆகாது, அது அவர்களுக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரம் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருக்கும் பழைய கல்யாணப் படங்களைப் பார்த்துவிட்டு, கிளம்பும்போது சொல்வார்கள்: “நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்ணா. நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம். அட்வான்ஸ் உங்ககிட்டயே இருக்கட்டும், மருந்துச் செலவுக்கு ஆகும்.” ஒருவர்கூட “உங்களால முடியுங்களா” என்று கேட்கவில்லை. முடியாது என்பது அவர்களே பேசி முடித்துவிட்டு வந்த விஷயம்.

இதற்குக் கோபப்படவும் வழியில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவனுக்குச் சீக்கு என்றால், அக்கம்பக்கத்துக்காரர்கள் அவன் மாட்டுக்குத் தீவனம் போட்டு, வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, சொல்லாமல்கூடப் போவார்கள். அந்த மனசுதான் இங்கேயும். ஆனாலும் இத்தனை நாள் கழித்தும் எனக்குள் அது செரிக்கவில்லை. நோய் என்னிடமிருந்து என்னென்ன எடுத்தது, அன்பானவர்கள் என்னென்ன எடுத்தார்கள் என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். இரண்டாவது கணக்குதான் ஏறிக்கொண்டே போகிறது.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரஷர்தான் காரணம் என்றார்கள். கிட்னி வடிகட்டாமல் ரத்தத்தில் தங்கிவிடும் கழிவான கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போய், கடைசியில் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் என்று ஈரோட்டில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்து நின்றது. செவ்வாய், வியாழன், சனி. காங்கேயத்தில் விடியுமுன் பஸ் ஏறி, சென்னிமலை வழியாகப் போய்ப் படுத்தால் மிஷின் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 300 மில்லி ரத்தத்தை இழுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும். படுத்துக்கொண்டு வேறு என்ன செய்வது, கணக்குப் போட்டேன்: 4 மணி நேரத்தில் 72 லிட்டர். உடம்பில் இருப்பதே 5 லிட்டர்தான், அதேதான் திரும்பத் திரும்பப் போய் வருகிறது. ஒரு நாளைக்குக் குடிக்கிற தண்ணீர், காபி, ரசம் எல்லாம் சேர்த்து ஒரு லிட்டருக்குள் நிற்க வேண்டும். தென்னந்தோப்புக்கு நடுவில் பிறந்தவனுக்கு இளநீர் கூடாது. அதில் பொட்டாசியமாம், கெட்டுப்போன கிட்னியால் அதை வெளியேற்ற முடியாதாம்.

## தாங்குகிற கை

கைக்கு வருகிறேன். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்கள் இரண்டைச் சேர்த்துத் தைத்து ஒரு பிஸ்டுலா போடுவார்கள். வலது கைக்காரனுக்கு இடது கையில்தான் பெரும்பாலும் போடுவது. சாப்பிடவும் எழுதவும் வலது கை வேண்டுமே. அந்த இடத்தைத் தொட்டால் உள்ளே கிர்ரென்று ரத்தம் ஓடுவது விரலுக்குத் தெரியும். அந்த ஓட்டம் இருக்கிறதா என்று தினமும் காலையில் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, வாட்ச் கட்டக் கூடாது, கனமாக எதையும் தூக்கக் கூடாது.

கேமரா பிடிப்பவர்களுக்குத் தெரியும், வலது கை பட்டனை அமுக்குகிற கை, அவ்வளவுதான். பாரம் முழுவதும் இடது உள்ளங்கையில் இறங்கும். நான் வைத்திருந்தது கேனான் 5டி மார்க் 3, பேட்டரியோடு 950 கிராம். அதில் மாட்டிய 70-200 லென்ஸ் மட்டும் 1490 கிராம். பிளாஷையும் சேர்த்து, மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கி, இணைச்சீர், மங்கல வாழ்த்து, தாலி கட்டு என்று விடியும்வரை இரண்டரைக் கிலோவுக்கு மேல் அந்த ஒரு கை தாங்கியிருக்கிறது. “உங்களால் முடியுமா” என்று யாராவது கேட்டிருந்தால், நேர்மையான பதில் “இந்த லென்ஸோடு முடியாது” என்பதுதான். லென்ஸை மாற்றலாம். லைட் பிடிக்கும் பையன் இருக்கிறான், சனங்களை நிறுத்திவைக்க என் வாய் இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சுக்கே யாரும் வரவில்லை.

இந்தச் சமயத்தில், கோயமுத்தூரில் விஸ்காம் படிக்கிற என் அக்கா மகன் ஒரு யோசனை சொன்னான். “மாமா, உங்க டயாலிசிஸையே படமா எடுங்க. ஊசி, டியூப், கை, எல்லாம். ஒரு சீரீஸ் பண்ணலாம்.” ஜோ ஸ்பென்ஸ் என்ற இங்கிலாந்துக்காரப் பெண்மணியின் படங்களை வாட்ஸப்பில் அனுப்பினான். அவரும் எங்கள் சாதி, அதாவது தொழில் சாதி: லண்டனில் ஸ்டுடியோ வைத்துக் கல்யாணப் படமும் குடும்பப் படமும் எடுத்தவர். 1982இல் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் கேமராவைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டார். அறுவை சிகிச்சைக்கு முன்னால், இது ஜோ ஸ்பென்ஸின் சொத்தா என்று தன் மார்பிலேயே எழுதிப் படம் எடுத்துக்கொண்டார். 1992இல் ரத்தப் புற்றுநோயில் இறக்கும்வரை நிறுத்தவில்லை.

படங்களைப் பார்த்து ஆடித்தான் போனேன். ஆனால் எனக்கு அது பொருந்தாது என்பதும் அப்போதே தெரிந்தது. தன்னை ஒரு கேஸாக மட்டும் பார்த்த மருத்துவத்தோடு அந்த அம்மாவுக்கு ஒரு சண்டை இருந்தது. கேமரா அந்தச் சண்டைக்கு ஆயுதம். எனக்கு மிஷினோடும் சண்டையில்லை, ஊசி போடுகிற பெண்ணோடும் சண்டையில்லை. அந்தப் பெண் என் கையில் குத்தும் ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளித்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்குத்தான் பாவமாக இருக்கும். அப்புறம், அப்பா காலத்திலிருந்தே நாங்கள் காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் மூஞ்சியை எடுக்கிறவர்கள். என் மூஞ்சியை நானே எடுத்து யாரிடம் கொடுத்துக் காசு வாங்குவது?

## பக்கத்துக் கட்டில்

பக்கத்துக் கட்டிலில் ஓர் ஆத்தா. வெள்ளகோவில் பக்கம் ஒரு கிராமம், கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும் நாலைந்து மாடுகளும் உண்டு. சர்க்கரையில் கிட்னி போனவர். முதல் சில வாரம் ஒன்றும் பேசவில்லை. ஒரு நாள் ஊசி ஏறிய பிறகு என் பக்கம் தலையைத் திருப்பினார்.

“ஏங்கண்ணு, நீ போட்டோக்காரனாமா?”

“ஆமாங்காத்தா.”

“எனக்கொரு போட்டோ எடுக்கோணும். செத்தா மாட்டறதுக்கு. எவ்வளவு ஆகும்?”

டெக்னீசியன் பெண் “ஏனுங்காத்தா இப்படியெல்லாம் பேசறீங்க” என்று ஓடி வந்தாள். ஆத்தா அவளைக் கண்டுகொள்ளவில்லை. “எங்கூட்டுக்காரரு போட்டோ செவுத்துல இருக்குது. ஓட்டர் கார்டுல இருந்து எடுத்துப் பெருசு பண்ணுனது. கள்ளனாட்டம் முழிச்சுக்கிட்டு இருக்காரு. தெனமும் அதுக்குத்தான் வெளக்கு வெக்கறேன்.”

நான் இலவசமாகவே எடுத்துத் தருகிறேன் என்றேன். அதே கட்டில், அதே மிஷின், அவரிடம் என்ன காசு வாங்குவது? ஆத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. “ஓசியெல்லாம் வேண்டாஞ்சாமி. ஓசின்னா நீ ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டுப் போயிருவே. காசு குடுத்தாத்தான் நல்லாயில்லீன்னு கேக்க முடியும்.” சரி, சட்டம் போட்டு 800 ரூபாய் என்றேன். “எண்ணூறா! அதுக்கு மாட்டுக்குத் தவுடு வாங்கிப் போடுவனே!” 500இல் ஆரம்பித்தார். இரண்டு பேர் கையிலிருந்தும் ரத்தம் மிஷினுக்குப் போய் வந்துகொண்டிருக்க, பேரம் 650இல் முடிந்தது. சீக்குக்காரன் என்பதற்காக ஐந்து ரூபாய்கூட அவர் ஏற்றித் தரவில்லை.

நிபந்தனைகள் வேறு. ஆஸ்பத்திரியில் எடுக்கக் கூடாது. மாடு கட்டும் கட்டுத்தரையில், சாம்பல் வெள்ளை மயிலைப் பசுவோடு எடுக்க வேண்டும். பிஸ்டுலா கை தெரியக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பையனோடு பைக்கில் போனேன். பெரிய லென்ஸை எடுக்கவில்லை. 160 கிராம் எடையுள்ள 50 எம்எம் மட்டும். அதை மாட்டினால் தூரத்தில் நின்று கொக்கு மாதிரி குறி பார்க்க முடியாது, கிட்டத்தில் போய் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கட்டுத்தரை மட்டும் நிழல். ஆத்தா நீலச் சேலையின் முந்தானையை இழுத்து இடது கையைச் சுற்றி மூடிக்கொண்டு, மற்ற கையைப் பசுவின் திமிலில் வைத்தார். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக, அதாவது சிவப்பாக இருந்து, ஆறு மாதத்தில் மயிலையாக மாறும். இந்தப் பசு செவலையாகத் தன் மடியில் கிடந்ததிலிருந்து கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். சொல்லச் சொல்ல எடுத்தேன். நல்ல படம் விழுந்துவிட்டது என்று கைக்கே தெரியும், அப்படி ஒன்று விழுந்தது.

செவ்வாய்க்கிழமை பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து எடுத்துப் போனேன். ஆத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இது என்ற மூஞ்சியாட்டமே இல்லியே.”

வார்டு முழுக்கக் கேட்டது.

“எதுக்கு இப்படி வெள்ளையடிச்சு வெச்சிருக்கறே? நான் எப்பவுமே கறுப்பு. செத்துப் போனா எம்பேரன் இதப் பாத்து யாரோன்னு நெனைப்பான். மாட்டுக்கு ஒரு காது எங்கே? நீ அறுத்தியா?”

முகம் சூடேறிவிட்டது எனக்கு. தொழிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பிரிண்டுக்குப் போகும் முன் முகத்தை ஒரு சுற்று வெளுப்பாக்குவது எங்களுக்கு மூச்சு விடுவது போல. கேட்காமலே செய்வோம், செய்யாவிட்டால்தான் பெண் வீட்டார் சண்டைக்கு வருவார்கள். டயாலிசிஸ் போகப் போகத் தோல் கறுத்து மங்கும் என்பதால் நான் இன்னும் கொஞ்சம் தாராளமாகவே செய்திருந்தேன். அதை விளக்கப் பார்த்தேன். “அதெல்லாம் எனக்குத் தெரியாது. மூஞ்சிய மாத்திக் குடு. காதும் வேணும்” என்று சட்டத்தை என் கட்டில்மேல் வைத்துவிட்டார்.

அந்த 4 மணி நேரமும் மனசுக்குள் ஆத்தாவோடு சண்டை. இந்த உடம்போடு அவ்வளவு தூரம் போய் எடுத்துக் கொடுத்தால் இதுதானா மரியாதை. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் சண்டை மெல்ல வேறு பக்கம் திரும்பிவிட்டது. நிழலில் கறுப்புத் தோல், பக்கத்தில் சாம்பல் வெள்ளை மாடு. கேமராவில் மாட்டுக்கு வெளிச்ச அளவெடுத்தால் முகம் இருண்டுவிடும், முகத்துக்கு அளவெடுத்தால் மாடு வெளுத்துப் போகும். மாட்டைக் கொஞ்சம் பின்னால், இன்னும் உள் நிழலில் தள்ளிக் கட்டினால்? ஆத்தாவை வாசல் பக்கம் திருப்பி உட்காரவைத்தால்? சென்னிமலை தாண்டியது தெரியவில்லை. கொப்பரைக் களத்து வாசனை வந்த பிறகுதான் காங்கேயம் வந்துவிட்டது என்று எழுந்தேன்.

நோய் வந்த பிறகு என் வேலையைக் குறை சொன்ன முதல் ஆள் அவர். அதற்கு முன்னால் நான் எதை எடுத்துப் போட்டாலும், “இந்த நெலைமையிலயும் எப்படி எடுத்திருக்கீங்க” என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பாராட்டில் படத்துக்கு இடமே இல்லை. ஆத்தா என் நிலைமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கும் அதே நிலைமைதான், அதில் என்ன விசேஷம்? காசு கொடுத்திருக்கிறார், காது வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு திரும்பப் போய், மாட்டைப் பின்னால் கட்டி எடுத்தேன். முகத்தில் கை வைக்கவில்லை. பார்த்துவிட்டு, “ம், இப்பச் சரி” என்றார். மீதிப் பணத்தை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்தார்.

## டயாலிசிஸுக்கு மறுநாள்

அப்பா காலத்தில் சாவு வீட்டுக்கு ஆள் வரும். படமே எடுக்காமல் போய்ச் சேர்ந்தவரைக் குளிப்பாட்டி, நாற்காலியில் சாய்த்து, சுற்றிலும் குடும்பத்தை நிறுத்தி எடுக்க வேண்டும். அப்பா பிளாஷோடு கிளம்புவார். என் காலத்தில் அது குறைந்து, ஆதார் கார்டு வந்தது. கார்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள்; முகத்தை வெட்டி, பின்னணியில் நீலம் போட்டு, சட்டை மாற்றி, இரண்டு மணி நேரத்தில் மாலை போடத் தயாராகக் கொடுப்போம். சில சமயம் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டுவோம், தோளில் யாருடைய கையோ மிச்சம் இருக்கும். இப்போது எல்லோர் போனிலும் ஆயிரம் படம் இருக்கிறது. சுவரில் மாட்ட ஒன்று கேட்டால் தேடுகிறார்கள், தேடுகிறார்கள், பிறகு ஆதாரையே நீட்டுகிறார்கள்.

தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் அறிவித்தார்களே, அதிலிருந்து அந்தச் செய்திகளை விடாமல் படிக்கிறேன். நானும் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து வைத்திருப்பவன், சொந்தக் கவலை. ஆனால் செய்திக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் படத்தில்தான் கண் முதலில் போகும். நாலு பேருக்கு உயிர் கொடுத்த மனுசனுக்கு எங்கிருந்தோ வெட்டி எடுத்த, அரைக்கண் மூடிய ஒரு முகம். போட்டோக்காரனாக எனக்கு அது தாங்காது.

ஆத்தாவின் படம் வார்டில் கைமாறிய பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எல்லோரிடமும் காசு பேசித்தான் எடுக்கிறேன். இந்த வேலையில் யாரும் சொல்லித் தராத சில நுணுக்கங்கள் பிடிபட்டிருக்கின்றன. டயாலிசிஸ் நாளில் எடுக்கக் கூடாது, ஆள் துவண்டிருப்பார். அதற்கு முந்தின நாளும் கூடாது, நீர் ஏறிக் கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கும். மறுநாள் காலைதான் அவரவர் முகம் அவரவருக்குத் திரும்பக் கிடைக்கும் நேரம். செவ்வாய், வியாழன், சனிக்காரர்களுக்கு ஞாயிறு காலை. திங்கள், புதன், வெள்ளிக்காரர்களுக்குச் சனி காலை. சனிக்கிழமை நான் மிஷினில் இருப்பேன் என்பதால் அவர்களைப் புதனுக்கு மறுநாள், என் ஷிப்ட் முடிந்த சாயங்காலம் எடுத்துப் பார்த்தேன். எனக்குத்தான் கால் நிற்கவில்லை. இப்போது அவர்களுக்கு மட்டும் பையன் போகிறான், நான் வீடியோ காலில் திட்டிக்கொண்டே இருக்கிறேன்.

வேலை செய்தால் நோய் மறந்துவிடும் என்று சொல்கிறவர்கள் டயாலிசிஸோடு வேலை செய்து பார்த்ததில்லை. வேலைக்குப் போகும் நாளில்தான் நோயை அதிகம் ஞாபகம் வைக்க வேண்டும். போகிற வீட்டில் எல்லாம் இளநீர் வெட்டி நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள். எந்தக் கையில் பையை மாட்டினோம், எவ்வளவு தண்ணீர் குடித்தோம், எல்லாம் கணக்கு. மண்டபத்தில் நுழைந்ததும் போனைச் சைலண்டில் போடுவது பழைய பழக்கம், இப்போது முடியாது, கிட்னி வந்திருக்கிறது என்று எந்த நேரமும் கூப்பிடலாம். இவ்வளவு கணக்கும் ஒரு படத்துக்காகப் போடும்போது அலுப்பாக இல்லை. வெறுமனே உயிரோடு இருப்பதற்காகப் போட்டபோது அலுப்பாக இருந்தது. இதற்கு மேல் எனக்கு இதில் ஞானம் எதுவும் கிடைக்கவில்லை.

ஆத்தா வீட்டில் படத்தால் ஒரு சண்டை. உயிரோடு இருப்பவர் படத்தைத் தனியாக மாட்டக் கூடாது என்று மருமகள் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாளாம். காசு கொடுத்தது நான், எங்கே மாட்டுவது என்று நான் சொல்கிறேன் என்று ஆத்தா எடுத்து வந்து ஆசாரத்தில், அதாவது வீட்டு முன்கூடத்தில் மாட்டியிருக்கிறார், கள்ளனாட்டம் முழிக்கும் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில். அவர் படத்தைச் சரிசெய்ய முடியுமா என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார். பழைய ரேஷன் கார்டில் ஒரு குடும்பப் படம் இருக்கிறதாம், தேடச் சொல்லியிருக்கிறேன்.

தை மாதத்துக்கு ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டேன். என்னைத் தேடி வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: பெரிய லென்ஸ் பையன் கையில், சீர்களும் முகங்களும் என் கையில், ரேட்டில் குறைப்பு கிடையாது. முகூர்த்தம் வியாழக்கிழமை விடிகாலை, என் டயாலிசிஸும் அன்று காலைதான். மதிய ஷிப்டில் வருகிற ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் அன்றைக்கு மட்டும் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பேரன் பேத்திகள் எல்லோரும் பொங்கலுக்கு வருகிறார்கள், ஒரு குரூப் போட்டோ ஓசியில் எடுத்துத் தர வேண்டும் என்கிறார். படம் ஓசி, சட்டத்துக்குக் காசு என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.